கிளினிக்கல் ட்ரையல்: மருந்து ரெடி, நோயாளி ரெடி... ஆனா வேலை பார்க்க ஆள் இருக்கா? ஆய்வுகள் பாதியில் நிற்பது ஏன்?

ஒரு புது மருந்து மெடிக்கல் ஷாப்புக்கு வருவதற்கு முன், அதை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இதைத்தான் கிளினிக்கல் ட்ரையல், அதாவது மருத்துவப் பரிசோதனை ஆய்வு என்கிறோம். இதுபற்றி செய்தி வரும்போது மருந்தின் பெயர், கம்பெனியின் பெயர், எத்தனை சதவீதம் பலன் தருகிறது என்ற விவரம் எல்லாம் வந்துவிடும்.

ஆனா அந்த ஆய்வை நடத்த எத்தனை நர்ஸ் வேண்டும்? ரத்த மாதிரியை வைக்க ஃப்ரீசர் இருக்கா? ராத்திரி 2 மணிக்கு நோயாளிக்கு மூச்சுத் திணறினால் போனை எடுப்பது யார்? இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பல ஆய்வுகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் 2011-ஆம் ஆண்டு முடிவுக்கு வந்த 2,579 ஆய்வுகளை ஒரு குழு அலசி, 2015-ல் முடிவை வெளியிட்டது. அதில் 481 ஆய்வுகள், அதாவது 19 சதவீதம், போதுமான ஆட்கள் சேராமல் பாதியில் மூடப்பட்டவை அல்லது இலக்கில் 85 சதவீதத்தைக்கூடத் தொடாமல் முடிந்தவை. அந்த ஆய்வுகளில் சேர்ந்திருந்தவர்கள் 48,027 பேர்.

இவை எல்லாமே ஊழியர் பற்றாக்குறையால் நின்றவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த 48 ஆயிரம் பேரும் ஊசி குத்திக்கொண்டார்கள், மாத்திரை சாப்பிட்டார்கள், பக்கவிளைவு வந்தாலும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். எந்தக் கேள்விக்காக அதைச் செய்தார்களோ, அதற்கு உறுதியான பதில் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துபோனது. ஒரு ஆய்வுக்கு ஆள், இடம், பணம் எல்லாம் எப்படித் திட்டமிடப்படுகிறது? விரிவாகப் பார்ப்போம்.

ஒரு ஆய்வில் யார் யார் வேலை செய்வாங்க?

ஆய்வு என்றதும் ஒரு டாக்டரும் ஒரு நோயாளியும்தான் நினைவுக்கு வருவார்கள். உண்மையில் அது ஒரு கல்யாண வீடு மாதிரி. மேடையில் இருப்பது இரண்டு பேர், பின்னால் ஓடுவது இருபது பேர்.

முதன்மை ஆய்வாளர்: மருத்துவமனையில் ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர். நோயாளியின் பாதுகாப்புக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் இவர்தான். உதவிக்குத் துணை ஆய்வாளர்கள் இருப்பார்கள்.

ஸ்டடி கோ-ஆர்டினேட்டர்: ஆய்வின் அச்சாணி. தகுதியான நோயாளியைக் கண்டுபிடிப்பது, சம்மதப் படிவத்தை விளக்குவது, அடுத்த தேதிக்கு போன் போட்டு வரவழைப்பது, விவரங்களைக் கணினியில் ஏற்றுவது, ஃபைலைப் பராமரிப்பது எல்லாம் பெரும்பாலும் இவர் தலையில்தான்.

ஆய்வு நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர்: ரத்தம் எடுப்பது, மாதிரியைப் பிரித்து உறைய வைப்பது, மருந்தை எண்ணிக் கொடுப்பது, மீதி மாத்திரையைத் திரும்ப வாங்கி எண்ணுவது இவர்களின் வேலை.

ஸ்பான்சர் தரப்பு: ஆய்வுக்குப் பணம் கொடுத்துப் பொறுப்பேற்கும் நிறுவனம். எழுதியதெல்லாம் நோயாளியின் ஃபைலில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, இவர்கள் அனுப்பும் மானிட்டர் அவ்வப்போது மருத்துவமனைக்கு வருவார்.

இவர்கள் தவிர, புள்ளியியல் நிபுணர்கள், நெறிமுறைக் குழு, பாதுகாப்புத் தரவுகளைத் தனியாக ஆராயும் குழு எல்லாம் உண்டு. யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று முதன்மை ஆய்வாளர் கையெழுத்திட்டு ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் அவசரத்துக்கு ரத்தம் எடுத்தாலும், அது விதிமீறலாகப் பதிவாகும். "இன்னைக்கு மட்டும் நீங்க பாருங்க" என்பதெல்லாம் இங்கே செல்லாது.

ஆள் கணக்கு எப்படிப் போடுவாங்க?

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு சர்க்கரை நோய் மருந்து ஆய்வு. ஒரு மருத்துவமனையில் 100 பேரின் முழு விவரம் தேவை. ஒவ்வொருவரும் ஒரு வருடத்தில் 8 முறை வர வேண்டும்.

முதல் படி: இடையில் நின்றுபோகிறவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 சதவீதம் பேர் பாதியில் விலகலாம் என்று வைத்தால், எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்? 120 என்று பலரும் சொல்வார்கள். அது தப்பு. 120 பேரில் 20 சதவீதம் போனால் மிச்சம் 96 பேர்தான். 100-ஐ 0.8-ஆல் வகுத்தால் 125 வரும். அதுதான் சரியான எண்ணிக்கை.

இரண்டாவது படி: கேட்கிற எல்லோரையும் சேர்க்க முடியாது. சிலருக்கு சிறுநீரகப் பிரச்னை இருக்கும், சிலர் வேறு மருந்து சாப்பிடுவார்கள், சிலர் வீட்டில் கேட்டுவிட்டு வேண்டாம் என்பார்கள். மூன்று பேரைப் பரிசோதித்தால் ஒருவர் தேறுவார் என்று வைத்தால், 125 பேருக்கு 375 பேரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு 2 மணி நேரம் என்றால் 750 மணி நேரம்.

மூன்றாவது படி: 125 பேர், தலா 8 வருகை என்றால் 1,000 வருகைகள். ஒரு வருகைக்கு நேரில் பேச ஒரு மணி, ரத்த மாதிரிக்கும் மருந்துக்கும் ஒரு மணி, கணினியில் ஏற்றவும் ஃபைல் சரிசெய்யவும் ஒரு மணி. ஆக 3,000 மணி நேரம்.

நான்காவது படி: நினைவூட்டல் போன், மானிட்டர் வரும் நாட்கள், நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் கடிதங்கள். இதற்கு 450 மணி நேரம். மொத்தம் 4,200 மணி நேரம்.

ஆட்களைச் சேர்க்க ஒரு வருடம், கடைசியில் சேர்ந்தவரைப் பின்தொடர இன்னொரு வருடம் என்று ஆய்வு இரண்டு வருடம் ஓடும். விடுமுறை, லீவு, பயிற்சி நாட்கள் போக ஒரு ஊழியர் வருடத்துக்கு 1,600 மணி நேரம் உழைப்பார் என்றால், இரண்டு வருடத்துக்கு 3,200. அப்படின்னா தேவை 1.3 ஆள். ஒன்றரை ஆள் போதும், பட்ஜெட் போட்டாச்சு... அவ்ளோதானா?

கணக்கு தப்புவது எங்கே?

அந்த 1.3 என்பது இரண்டு வருடச் சராசரி. வேலை சராசரியாக வருவதில்லை.

முதல் மாதம் சுமார் 10 பேர்தான் சேர்ந்திருப்பார்கள். வேலை 110 மணி நேரத்தைச் சுற்றி இருக்கும். மாதம் 133 மணி நேரம் உழைக்கும் ஒருவரே சமாளித்துவிடுவார், நேரமும் மிச்சமாகும்.

பன்னிரண்டாவது மாதம் நிலைமையே வேறு. புதியவர்களைப் பரிசோதிக்கும் வேலை அப்படியே இருக்கும். கூடவே ஏற்கெனவே சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேரும் மறுவருகைக்கு வந்துகொண்டிருப்பார்கள். பரிசோதனைக்கு 62 மணி, 83 வருகைகளுக்கு 250 மணி, மற்ற வேலைக்கு 19 மணி. மொத்தம் 330 மணி நேரத்துக்கு மேல். இதற்கு இரண்டரை ஆள் வேண்டும்.

சராசரியை நம்பி ஒன்றரை ஆளை வைத்த மருத்துவமனையில் அந்த மாதம் என்ன நடக்கும்? முதலில் நிற்பது டேட்டா என்ட்ரி. அடுத்தது நினைவூட்டல் போன். போன் போகாததால் நோயாளி வரமாட்டார். வராதவர் விலகியவர் கணக்கில் சேருவார். 20 சதவீதம் என்று போட்ட கணக்கு 30-ஐத் தாண்டும். கடைசியில், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத நிலை வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "தலை சுத்துது" என்று நோயாளி போனில் சொன்னதைக் குறித்துவைக்க ஆள் இல்லாமல் போவதுதான் அது. ஒரு மருந்தின் பக்கவிளைவு இப்படித்தான் பதிவுக்கு வராமல் நழுவும்.

கணக்கில் வராமல் போகும் இன்னொரு விஷயம், வேலையை விட்டுப் போகிறவர்கள். கோ-ஆர்டினேட்டர் விலகினால், புதியவருக்குப் பயிற்சி கொடுத்து, பொறுப்புப் பட்டியலில் பெயர் சேர்த்து, நோயாளிகளுக்கு அவர் பழகிய முகமாக மாறுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதனால்தான் ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் பயிற்சி பெற்ற இரண்டாவது ஆள் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே இருக்க வேண்டும்.

ஆள் மட்டும் போதுமா?

போதாது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்து என்றால், வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் ஃப்ரிட்ஜ் வேண்டும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ் அலாரம் அடித்தால் வந்து பார்க்க ஆள் வேண்டும். மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டிய ரத்த மாதிரி என்றால், அந்த ஃப்ரீசரும், மாதிரியை வெளியூர் லேபுக்கு அனுப்ப உலர் பனிக்கட்டியும் வேண்டும்.

நோயாளியிடம் தனியாகப் பேச ஒரு அறை அவசியம். இந்திய விதிப்படி, எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களை முற்றிலும் புதிய மருந்து ஆய்வில் சேர்க்கும்போது, சம்மதம் வாங்குவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு கேமரா, வெளிச்சம், பதிவைப் பாதுகாக்கும் வசதி எல்லாம் பட்ஜெட்டில் இருக்கணும்.

பஸ் காசும் முக்கியம். தினக்கூலிக்குப் போகிற ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருகிறார். போக்குவரத்துச் செலவுக்குப் பணம் ஒதுக்காத ஆய்வில் அவர் மூன்றாவது முறை வருவாரா என்பது சந்தேகம்தான்.

பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு சாதித்தது எப்படி?

கொரோனா காலத்தில் உலகம் முழுக்க ஆய்வுகள் குவிந்தன. சிகிச்சை தொடர்பான 2,895 ஆய்வுப் பிரிவுகளை அமெரிக்க நிபுணர்கள் அலசியபோது, உறுதியான பதில் தரும் அளவுக்கு முறையான வடிவமும் போதிய எண்ணிக்கையும் கொண்டவை சுமார் 5 சதவீதம்தான் என்று தெரிந்தது. ஆளும் பணமும் சின்னச் சின்ன ஆய்வுகளாகச் சிதறிக் கிடந்தன.

பிரிட்டன் வேறு வழியில் போனது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே தலைமையில் 'ரெக்கவரி' ஆய்வு தொடங்கியது. திட்டம் எழுதிய 9 நாட்களில், 2020 மார்ச் 19-ல் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார்.

வார்டில் ஆளே இல்லாத நேரத்தில் இது எப்படி முடிந்தது? வேலையைக் குறைத்தார்கள். ஆய்வில் சேர்க்கும்போது இணையத்தில் ஒரு சின்னப் படிவம். பிறகு நோயாளி வீட்டுக்குப் போகும்போதோ, இறந்தாலோ, 28 நாள் முடிந்தாலோ இன்னொரு படிவம். மற்ற விவரங்களை அரசு மருத்துவச் சேவையின் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ்கள் நாடு முழுக்க ஏற்கெனவே அரசு அமைப்பில் இருந்தார்கள். அவர்களை முன்னுரிமை பெற்ற சில ஆய்வுகளுக்குத் திருப்பிவிட்டார்கள்.

பலன்? 2020 ஜூன் 16-ல் முடிவு வந்தது. அதற்குள் 175-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 11,500-க்கும் அதிகமானோர் சேர்ந்திருந்தார்கள். டெக்ஸாமெதாசோன் என்ற பழைய, விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரிந்தது. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களிடம் இது ஐந்தில் ஒரு பங்கு.

இந்தியாவின் 'பிளாசிட்' சொல்லும் பாடம் என்ன?

அதே 2020-ல் பிளாஸ்மா சிகிச்சைக்காக மக்கள் அலைந்தது நினைவிருக்கும். அது உண்மையில் உதவுகிறதா என்று பார்க்க ஐசிஎம்ஆர் 'பிளாசிட்' ஆய்வை நடத்தியது. ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, 39 அரசு, தனியார் மருத்துவமனைகளில் 464 பேர் சேர்க்கப்பட்டார்கள். நோய் தீவிரமாவதையோ மரணத்தையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்பதுதான் முடிவு. 2021 மே மாதம் கொரோனா சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

ஆனா இதிலும் வளம் சார்ந்த ஒரு குறை இருந்தது. ஆய்வு தொடங்கியபோது, பிளாஸ்மாவில் எதிர்ப்பாற்றல் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நம்பகமான கிட் கிடைக்கவில்லை. அதனால் மாதிரிகளைச் சேமித்துவைத்துப் பிறகுதான் அளந்தார்கள். 'எதிர்ப்பாற்றல் அதிகமுள்ள பிளாஸ்மாவை மட்டும் கொடுத்திருந்தால்?' என்ற கேள்வியை விமர்சகர்கள் எழுப்பினார்கள். சேமித்துவைக்க ஃப்ரீசராவது இருந்ததால்தான் பின்னால் அளக்க முடிந்தது.

சென்னையில் 1956-லேயே நடந்த திட்டமிடல்

இன்று சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1956-ல் காசநோய் மருந்து சிகிச்சை மையமாகத் தொடங்கியது. ஐசிஎம்ஆர், அன்றைய மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகியவை சேர்ந்து இதை உருவாக்கின.

அப்போது இருந்த கேள்வி இதுதான்: காசநோயாளியை சானடோரியத்தில்தான் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா? 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்துகள், 12 மாதம்.

வீட்டில் இருப்பவர் மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஆள் ஒதுக்கினார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். கூட வசிக்கும் குடும்பத்தினரையும் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள்.

வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது என்று 1959-ல் முடிவு வெளியானது. குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. உலகம் முழுக்க சானடோரிய முறை மாற இந்த ஆய்வு முக்கியக் காரணம். வீடு வீடாகப் போன அந்த ஊழியர்கள் இல்லாவிட்டால், வீட்டில் இருந்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்பதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு டாக்டர் எத்தனை ஆய்வு நடத்தலாம்?

உச்ச நீதிமன்ற வழக்கு, நிபுணர் குழுப் பரிந்துரை எல்லாம் வந்த பிறகு, ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் 3 ஆய்வுகளுக்கு மேல் நடத்தக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் உத்தரவிட்டது. 2016-ல் அந்த உச்சவரம்பு தளர்த்தப்பட்டது. ஆய்வின் ஆபத்தையும் சிக்கலையும் பார்த்து நெறிமுறைக் குழுவே முடிவு செய்யலாம் என்று மாற்றினார்கள்.

இது இரு பக்கமும் யோசிக்க வேண்டிய விஷயம். எளிமையான 4 ஆய்வுகளை நல்ல குழுவோடு நடத்த முடியும். ஆள் இல்லாத இடத்தில் சிக்கலான ஒரே ஆய்வுகூட ஆபத்துதான். ஆனா உச்சவரம்பு போன பிறகு, "உங்களிடம் எத்தனை கோ-ஆர்டினேட்டர் இருக்காங்க?" என்று கேட்கும் பொறுப்பு நெறிமுறைக் குழுவின் கையில் இருக்கிறது. 2019 விதிகளின்படி இந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும்.

அதே விதிகளின்படி, நோயாளிக்குத் தீவிரப் பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தகவல் கொடுக்க வேண்டும். 14 நாட்களுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். சனிக்கிழமை இரவு நோயாளி ஐசியூவில் சேர்ந்தால் ஞாயிறு இரவுக்குள் யார் இதைச் செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கணும்.

உங்களை ஆய்வில் சேரச் சொன்னால் என்ன கேட்கலாம்?

• ராத்திரியில் பிரச்னை வந்தால் எந்த நம்பருக்கு அழைப்பது, யார் எடுப்பார்கள்?

• எத்தனை முறை வரணும்? ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஆகும்? பயணச் செலவு கிடைக்குமா?

• பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆய்வால் ஏற்பட்ட பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கிறது 2019 விதி.

• நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் என்ன?

• இந்த ஆய்வு இந்தியாவின் கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டில் பதிவாகியிருக்கா? 2007-ல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம்.

சேருவதா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க உங்கள் முடிவு. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கக்கூடாது. இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது, பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்ல ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று கவனியுங்கள். சேர்க்கிற அன்றைக்கே பேச ஆள் இல்லை என்றால், எட்டாவது மாதம் உங்கள் போனை எடுக்க ஆள் இருப்பது சந்தேகமே.